பேய்களின் பஸ்ஸுக்கு ஓர் அறிவிப்பு

மாமா, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னீர்கள். தெரு முழுவதும் படிக்கிற வாட்ஸப் குழுவில், நிதானமாக, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிச் சொன்னீர்கள்.

படிக்கிறவர்களுக்கு: இவர் எனக்குச் சொந்த மாமா இல்லை. வலியசாலையில் எங்கள் தெருக்களில் வயதில் மூத்த ஆண்கள் எல்லோரும் மாமா, பெண்கள் எல்லோரும் மாமி. இந்த மாமா எங்கள் வீட்டிலிருந்து ஏழாவது வீடு. பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தெரு நலச் சங்கத்தின் துணைத்தலைவர். பெயர் எழுத மாட்டேன். எழுத வேண்டிய அவசியமும் இல்லை, அவருக்குத் தெரியும்.

அவர் என்ன பொய் சொன்னார் என்பதைச் சொல்ல, நாங்கள் ஒரு பேய்ப் படம் பார்த்ததைச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான கார்ட்டூன் பேய்ப் படம். என் வாழ்க்கையில் நான் பார்த்த படங்களிலேயே எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா காத்திருக்கட்டும்.

நான் இருபத்தேழு வருஷம் கேரளத்து பஸ் ஸ்டாண்டில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவள். எந்த வண்டி, எங்கே போகிறது, எந்த வழி, எங்கே நிற்கிறது. முதலில் மலையாளத்தில் சொல்வேன், அடுத்தது தமிழில். நாகர்கோவில், திருநெல்வேலி போகிறவர்களுக்காகத்தான் தமிழ். நான் போனக்காடு வண்டியையும் தமிழில் சொல்வேன். அந்த மலையில் தேயிலைத் தோட்டத்து வேலைக்காரர்கள் எல்லாம் தமிழ் பேசுகிறவர்கள். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. சொல்லாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

இந்த வேலையால் எனக்கு வந்த கேடு ஒன்று உண்டு. ரகசியம் பேச வராது. காதோடு காதாகப் பேசுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டு பேசினால், மூன்று வீடு தள்ளிக் கேட்கும். கல்யாண வீட்டில் யாரைப் பற்றியும் நான் எதுவும் சொல்லிவிடக் கூடாது. சொல்லி, பலமுறை அவமானப்பட்டிருக்கிறேன்.

என் கணவர் தொலைபேசித் துறையில் லைன் பார்க்கிற வேலையில் இருந்தார். கல்லாறு, பொன்முடி, போனக்காடு என்று மலைப் பக்கமெல்லாம் கம்பம் ஏறியவர். கண்ணில் அழுத்தம் என்று ஆரம்பித்தது. சொட்டு மருந்து, ஆபரேஷன், மறுபடி சொட்டு மருந்து. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் மொத்தமாக இருட்டிவிட்டது.

அன்றிலிருந்து அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவார், அதுவும் ஆட்டோ வாசலில் வந்து நின்ற பிறகு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. கோவிலுக்குக்கூட வரமாட்டார். கண் ஆஸ்பத்திரியில் மடக்கிற வெள்ளைக் கைத்தடி ஒன்று கொடுத்தார்கள். அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். "அதைப் பிடிச்சுண்டு நடந்தா தெரு முழுக்க ஜன்னலைத் திறந்து பார்க்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. எங்கள் தெரு அப்படித்தான்.

நாங்கள் இருவரும் சினிமாப் பைத்தியங்கள். எனக்கு ஷிப்டு வேலை. வார ஓய்வு என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு மதியக் காட்சி. நல்ல படம், மோசமான படம் என்று பார்ப்பதில்லை. அந்தப் பழக்கம் மூன்று வருஷமாக நின்று கிடந்தது. போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். பகல் முழுக்க இரண்டு பேரும் வீட்டில். அவர் ரேடியோ கேட்பார். நான் அவர் ரேடியோ கேட்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை நாள் முடியும்?

ஓண விடுமுறையில் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏன்னா, சினிமாவுக்குப் போலாமா?"

"எனக்கென்னத்துக்கு சினிமா? ரேடியோ போரும்."

"நான் பார்த்துச் சொல்றேன்."

"நீ சொன்னா கோட்டயம் ஃபாஸ்ட் பாசஞ்சர் பஸ் புறப்படற மாதிரின்னா இருக்கும்."

"இருந்தா என்ன? வண்டியை விட்டவா யாரும் என் குரலைக் குத்தம் சொன்னதில்லை."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டிக்கெட் போட்டுவிட்டேன்.

படத்தை நான் தேர்ந்தெடுத்தேன். அங்கேதான் ஒரு தப்பு செய்தேன். குழந்தைகள் படம் என்றால் எல்லோரும் ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பார்கள், பாதிக்கு மேல் காதால் கேட்டே புரிந்துகொள்ளலாம், நான் அதிகம் பேச வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன். பேய்ப் படம் என்று தெரியும். கார்ட்டூன் பேய்தானே, அதுவும் கத்தும் என்று நினைத்தேன். காதை மட்டும் நம்பி இருபத்தேழு வருஷம் வேலை செய்த ஒருத்திதான் இப்படி ஒரு தப்புக் கணக்குப் போடுவாள். பேய்ப் படத்தில் பயம் வருவது சத்தம் நிற்கிற இடத்தில். இது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

தியேட்டர் நிறைய குழந்தைகள். நடு வரிசையில் எங்களுக்கு இடம். என் இடது பக்கம் அவர். வலது பக்கம் ஏழு வயது இருக்கும், ஒரு மலையாளிப் பெண் குழந்தை, அதற்கு அப்பால் அவள் அம்மா. மாமா இரண்டு வரிசை பின்னால், பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பேத்தியோடு இருந்தார். உள்ளே வரும்போதே பார்த்தேன், தலையசைத்தேன். அவர் என் கணவரைப் பார்த்தார், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். திரையில் அப்போது ஒன்றும் ஓடவில்லை.

படம் மலையாளத்தில் பேசியது. கதை இது. மலை உச்சியில் ஒரு பழைய பங்களா. அதில் வேலை செய்தவர்கள் எல்லோரும் பேயாகி அங்கேயே இருக்கிறார்கள். அவர்களை மேல் உலகத்துக்குக் கூட்டிப்போக ராத்திரிதோறும் ஒரு வண்டி வரும். வாசல் கேட்டில் விளக்கு எரிந்தால்தான் வண்டி நிற்கும். விளக்கு எப்போதோ காணாமல் போய்விட்டது. வண்டி வருகிறது, நிற்காமல் போகிறது. பேய்கள் வாசலில் வரிசையாக நின்று, ஏமாந்து, உள்ளே திரும்பிப் போகின்றன. அந்தப் பங்களாவுக்கு ஒரு பெண்ணும் அவள் தம்பியும் அப்பாவோடு குடிவருகிறார்கள்.

முதல் பத்து நிமிஷம் நான் நினைத்தது போலவே போயிற்று. எல்லோரும் பேசினார்கள். "பங்களா எப்படி இருக்கு?" என்று மட்டும் இவர் கேட்டார். "ஓடு பாதி இல்லை. போனக்காட்டுப் பங்களா மாதிரி" என்றேன். போனக்காட்டில் ஒரு பழைய பங்களா உண்டு, பேய் இருக்கிறது என்று இளவட்டங்கள் பைக்கில் போய்ப் பார்ப்பார்கள். "அங்க லைன் சரி பண்ண எத்தனை தடவை போயிருக்கேன், ஒரு பேயும் வந்ததில்லை. கவர்மென்ட் ஆளுன்னு தெரிஞ்சு ஓடிப்போயிருக்கும்" என்றார்.

அப்போது சத்தம் நின்றது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. தியேட்டரில் ஒரு குழந்தைகூட மூச்சு விடவில்லை. அவர் கை என் கையைத் தேடியது. எல்லோருக்கும் முன்னால் ஏதோ நடக்கிறது, அவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. வாயைத் திறந்தேன்.

"நீள வராந்தான்னா. அந்தப் பொண்ணு நடக்கறா. கால்ல செருப்பு இல்லை. வலது பக்கம் மூணாவது கதவு திறக்கறது. உள்ள யாரும் இல்லை. இல்லையில்லை, இருக்கா. ஒரு பேய். நல்ல குண்டு. தலை கையில இருக்கு."

"யார் கையில?"

"அதோட கையிலதான்."

"எந்தக் கை?"

"இடது கை. டிபன் கேரியர் மாதிரித் தூக்கிண்டிருக்கு."

நான் ரகசியமாகத்தான் சொன்னேன். தியேட்டர் முழுவதும் கேட்டது. நாலைந்து வரிசை குபீரென்று சிரித்தது. அதே நொடியில் திரையில் பேய் கத்தியது. யாரும் பயப்படவில்லை. இவ்வளவு காசு செலவு செய்து, சத்தத்தை நிறுத்தி, கதவைத் திறந்து, படம் எடுத்தவர்கள் கட்டி எழுப்பிய பயத்தை நான் ஒரு டிபன் கேரியரால் உடைத்துவிட்டேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "இதென்ன தியேட்டரா, பஸ் ஸ்டாண்டா?"

வாயை மூடிக்கொண்டேன். உண்மையிலேயே மூடிக்கொண்டேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை. காசு கொடுத்துப் படம் பார்க்க வந்தவர்கள் என் குரலை ஏன் கேட்க வேண்டும்? என் கணவரும் "விடு" என்றார். கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி சத்தம் நின்றபோது நான் பேசவில்லை. அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் உட்கார்ந்திருப்பது போலவே. கூட்டி வந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. எழுந்து போய்விடலாம் என்று செருப்பைக் காலால் துழாவினேன்.

வலது பக்கத்திலிருந்து என் சேலையை யாரோ இழுத்தார்கள். அந்தக் குழந்தை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தவள், ஒரு கையை எடுத்து என்னை இழுக்கிறாள். கண் இறுக்கமாக மூடியிருக்கிறது.

"ஆன்டீ, பறயாமோ? கொறச்சூடெ உறக்கெ."

சொல்லச் சொல்கிறாள். அதுவும் இன்னும் கொஞ்சம் சத்தமாக.

எனக்குச் சட்டென்று விஷயம் விளங்கியது. அவளுக்குப் படம் பார்க்க ஆசை, கண்ணைத் திறக்கப் பயம். நான் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டே பார்க்கலாம். டிபன் கேரியர் பேயைக் கண்டு யார் பயப்படுவார்கள்? அவள் அம்மாவைப் பார்த்தேன். "சேச்சி பறஞ்ஞோ" என்றாள். சொல்லுங்கள் அக்கா, எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று சிரித்தாள்.

நான் பழைய வேலைக்குத் திரும்பினேன். முதலில் மலையாளத்தில், அந்தக் குழந்தைக்கு. அடுத்தது தமிழில், இவருக்கு. வீட்டுத் தமிழ் போய் மைக் தமிழ் வந்துவிட்டது. "மாடிப்படியின் இடது பக்கத்தில் ஈரமான துணி ஒன்று தானாக நடந்து வருகிறது. அது சலவைக்காரப் பேய். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. பயப்பட ஒன்றும் இல்லை, அது அழுகிறது." இவருக்கும் மலையாளம் நன்றாகத் தெரியும், ஒருமுறை சொன்னால் போதும். ஆனால் ஒரு மொழியில் சொல்லி நிறுத்தினால் எனக்கு அறிவிப்பு முடிந்த மாதிரி இல்லை.

அந்தக் குழந்தை என்னைத் தாண்டிக் குனிந்து, கண்ணை அரைக்கண்ணாகத் திறந்து, இவரைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அங்கிளினும் பேடியாணோ? அங்கிளும் கண்ணடச்சிரிக்குவாணோ?"

அங்கிளுக்கும் பயமா, அவரும் கண்ணை மூடிக்கொண்டா இருக்கிறார் என்று கேட்கிறாள். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் அவரிடம் நேரடியாக எடுத்ததில்லை. பிள்ளைகள் எடுக்கவில்லை, நான் எடுக்கவில்லை.

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "அதே மோளே. எனிக்கு நல்ல பேடியுண்டு."

ஆமாம் குழந்தை, எனக்கு நல்ல பயம்.

அவள் சமாதானமாகிவிட்டாள். பயந்தவர்கள் இரண்டு பேர், சொல்கிறவள் ஒருத்தி. என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். நான் இருவர் கைக்கும் கீழே உட்கார்ந்து பேய்களை அறிவித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தைக்கு நான் என்ன செய்து கடனைத் தீர்ப்பேன்?

இடைவேளைக்குச் சற்று முன் டார்ச் வெளிச்சம் வந்தது. தியேட்டர் ஊழியை, என் வயது இருக்கும், சீருடைச் சேலை. மாமா போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் எங்கள் வரிசைக்கு வந்து, என்ன விஷயம் என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன், சண்டைக்குத் தயாராக. என்னை முந்திக்கொண்டு இவர் கண்ணாடியைக் கழற்றினார். வெளியிடத்தில் அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. "எனக்குக் கண் தெரியாது. இவள் சொல்லித்தான் பார்க்கிறேன்" என்று மலையாளத்தில் சொன்னார். அவ்வளவுதான். குரலில் கெஞ்சல் இல்லை.

அவள் டார்ச்சை முன்பக்கம் திருப்பினாள். முன்னால் இடது ஓரத்தில் மூன்று வரிசை காலியாகக் கிடந்தது. "வா சேச்சீ, அவிடெ இருந்நு இஷ்டம்போலெ பறஞ்ஞோ" என்றாள். அங்கே உட்கார்ந்து இஷ்டம் போல் பேசிக்கொள் என்றாள். டார்ச்சைக் காலடியில் காட்டி, இவர் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, படி படியாகச் சொல்லிக்கொண்டே நடத்திப்போனாள். "ஒந்நு, ரண்டு, இனி நிரப்பு." இனிச் சமதரை என்கிறாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. என்னைவிட நன்றாக அறிவித்தாள்.

இதைத்தான் மாமா பார்த்தார். டார்ச் வந்தது, நாங்கள் எழுந்தோம், போனோம்.

ஆனால் இதையும் பார்த்தார். எங்கள் பின்னாலேயே அந்தக் குழந்தையும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். இடைவேளை முடிந்து விளக்கு அணைவதற்குள், கண்ணைப் பொத்துகிற ஜாதிக் குழந்தைகள் இன்னும் மூன்று பேர் பாப்கார்னோடு வந்து சேர்ந்தார்கள். கடைசியாக மாமாவின் பேத்தி வந்து என் எதிரில் நின்றாள். ஒன்பது வயது.

"மாமி, நானும் இங்க உக்காரட்டுமா?"

"தாத்தாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். ஒண்ணும் சொல்லலை."

"வேண்டாம்னு சொன்னாரா?"

"அதான் சொல்றேனே, ஒண்ணுமே சொல்லலை. நீங்க சொல்றது படத்தைவிட நன்னா இருக்கு மாமி."

திரும்பிப் பார்த்தேன். மாமா எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "உக்காரு" என்றேன்.

இரண்டாம் பாதி போல் ஒன்று என் வாழ்க்கையில் நடந்ததில்லை. திரைக்கு அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அவருக்கு முன் வரிசையும் பின் வரிசையும் ஒன்றுதான். குழந்தைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பேய்க்குப் பல் உண்டா? சமையல்காரப் பேயின் கரண்டி எவ்வளவு பெரியது? இவரும் கேட்டார், அவர்களோடு போட்டி போட்டுக்கொண்டு. நான் சொல்ல மறந்ததை மாமாவின் பேத்தி சொன்னாள். "மாமா, அந்தத் தம்பி டவுசர் நனைஞ்சிருக்கு, மாமி உங்ககிட்ட மறைக்கறா." இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

படத்தில் அந்தப் பெண் காணாமல் போன விளக்கைக் கிணற்றிலிருந்து எடுத்துவிட்டாள். தனியாகக் கேட்டுக்கு நடக்கிறாள். மறுபடி சத்தம் நின்றது. இந்த முறை நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை. குழந்தைகள் கண்ணைப் பொத்தவில்லை என்று கவனித்தேன். விளக்கு எரிந்தது. தூரத்தில் எஞ்சின் சத்தம். அது கேட்டதும் இவர் நிமிர்ந்தார். "பஸ்ஸா?" என்றார்.

பஸ்தான். சத்தியமாக. நான் கதை கட்டவில்லை. அந்தப் பேய்களைக் கூட்டிப்போக வந்த வண்டி, மூக்கு நீண்ட பழைய காலத்து பஸ். குலுங்கிக்கொண்டு வந்து கேட்டில் நின்றது. பேய்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு வரிசையில் நிற்கின்றன. இவர் என் முழங்கையில் இடித்தார். "என்னடி பார்த்துண்டிருக்கே? சொல்லு."

சொன்னேன். முதலில் மலையாளத்தில், பிறகு தமிழில். ரகசியக் குரல் எல்லாம் இல்லை. "பயணிகளின் கவனத்துக்கு. மலைப் பங்களாவிலிருந்து மேகக்கூட்டம் வழியாக மேல் உலகம் வரை செல்லும் வண்டி, வாசல் கேட்டில் புறப்படத் தயாராக உள்ளது. சலவைக்காரர் துணியைப் பிழிந்துவிட்டு ஏறவும். தலையைக் கையில் வைத்திருப்பவர் அதை வண்டியில் மறந்துவிட்டு இறங்க வேண்டாம்."

தியேட்டரே கை தட்டியது. குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் தட்டினார்கள். ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு சால்வை போட்டு ஒரு டீ கொடுத்து அனுப்பினார்கள். என் குரலுக்கு யாரும் கை தட்டியது இல்லை. பஸ் ஸ்டாண்டில் யார் கை தட்டுவார்கள்?

இவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணாடி இல்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இடைவேளையில் எங்கேயோ வைத்தவர் மறந்தேவிட்டார். அந்த ஊழியைதான் தேடி எடுத்துக் கொண்டுவந்து வாசலில் கொடுத்தாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தக் குழந்தை பெயரும் கேட்கவில்லை. இவருக்கு டாட்டா காட்டினாள். அவர் பார்க்கவில்லையே என்று, ஓடி வந்து கையைத் தொட்டுவிட்டுப் போனாள். படம் எடுத்தவர்கள் எந்த தேசமோ தெரியாது. அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். நான் சாதாரணமாக யாரையும் வாழ்த்துகிற ஜாதி இல்லை.

வீட்டுக்கு வந்து காப்பி குடித்ததும், "அந்தத் தடியை எடு" என்றார். அலமாரி மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தூசி தட்டி, உறையை அவரே கிழித்தார். கூடத்தில் இரண்டு முறை நடந்து பார்த்தார். நாற்காலியில் இடித்தது. "இதுக்கும் ஒரு அறிவிப்பு போடப்படாதா?" என்றார். அடுத்த வாரம் வேறொரு படம், அதற்கு முன் காலையில் கோவில் வரை நடந்து பழகலாம் என்று முடிவு செய்தோம். இரண்டு நாள் காலையில் நடந்தோம். தெரு ஜன்னலைத் திறந்து பார்க்கத்தான் செய்தது. அவர் கவலைப்படவில்லை.

மூன்றாம் நாள் மாமாவின் செய்தி வந்தது.

கண் தெரியாதவர்களுக்கு போன் செய்திகளை வாசித்துக் காட்டும். ஒரு பெண் குரல், ஏற்ற இறக்கம் தெரியாத குரல். நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்திலிருந்து அந்தக் குரல் வாசித்தது: "நம் தெருக்காரர் இருவர் சினிமா தியேட்டரில் கூச்சல் போட்டு, ஊழியர் டார்ச் அடித்து வெளியே இறக்கிவிட்ட காட்சியைப் பார்க்கும் துர்ப்பாக்கியம் நேர்ந்தது. முடியாதவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதே மரியாதை." அந்தக் குரல் படங்களையும் விடாது. கீழே தெருக்காரர்கள் போட்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னது. "கூப்பிய கைகள். கூப்பிய கைகள். உயர்த்திய கட்டைவிரல். கூப்பிய கைகள்."

நான் ஓடி வருவதற்குள் அவர் தடியை மடக்கிவிட்டார். அதற்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு, அதையும் மாட்டிவிட்டார். "மேல வெச்சுடு" என்றார்.

"பொய்ன்னா இது. உங்களுக்கே தெரியும் பொய்ன்னு."

"எனக்குத் தெரிஞ்சு என்ன? தெருவுக்குத் தெரியணுமே. நாளைக்கு இந்தத் தடியோட நடந்தா, தியேட்டர்லேர்ந்து துரத்தி விட்டவன் போறான்னுதான் பார்ப்பா. எனக்கு ஜன்னல் தெரியாது. திறக்கற சத்தம் கேக்கும்."

நான் மாமாவுக்கு போன் செய்தேன். "பெரியவா ஒண்ணு சொன்னா அதுல காரணம் இருக்கும்" என்றார். வைத்துவிட்டார். குழுவில் பதில் எழுதப் போனேன். அதற்குள் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றி வைத்திருக்கிறார். நிர்வாகி அவர்தான். அவர் வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பேன். இவர் வேண்டாம் என்றார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமா, நான் பேசியது தொந்தரவு என்று நீங்கள் எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். தொந்தரவுதான். முதல் பாதி முழுவதும் உங்கள் படத்தைக் கெடுத்தேன், அதற்கு மன்னிப்பும் கேட்கிறேன். ஆனால் எங்களை யாரும் வெளியே இறக்கவில்லை. இது உங்களுக்குத் தெரியும். ஏன் அப்படி எழுதினீர்கள் என்றும் எனக்குத் தெரியும். உங்களைத் தனியாக விட்டுவிட்டு உங்கள் பேத்தி எழுந்து வந்தாள். அவள் கை தட்டியதை நீங்கள் பின்னாலிருந்து பார்த்தீர்கள். அதற்காகக் குழந்தையைத் திட்டியிருந்தால், அதையும் நான் மறக்க மாட்டேன்.

கைத்தடி இன்னும் அலமாரி மேல்தான் கிடக்கிறது. இவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த படத்தின் டிக்கெட்டை நான் போட்டுவிட்டேன். கூப்பிட்டால் அவர் வர வேண்டும். அவர் வர வேண்டுமென்றால் தெரு உண்மையைக் கேட்க வேண்டும், உங்கள் வாயால்.

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது. எல்லோரும் வருவார்கள், கூப்பிய கைகள் போட்டவர்கள் உட்பட. மேடையில் மைக் இருக்கும். நான் முதல் வரிசையில் இருப்பேன், பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக வைத்திருப்பேன். தனியாக வந்து என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம், போனிலும் வேண்டாம். எழுந்து மைக்கைப் பிடித்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

எங்களை வெளியே இறக்கிவிட்டார்கள் என்றால், இடைவேளைக்குப் பிறகு படம் முடிகிறவரை உங்கள் பேத்தி யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்?